முகம் வேண்டாம், கழுத்து போதும்

என் கழுத்தை நான் முழுசாகப் பார்த்தது நாற்பத்தோராவது வயதில். அதுவரை கண்ணாடி முன் நின்றால் பார்த்ததெல்லாம் முகம், பொட்டு, சேலை மடிப்பு. கழுத்து என்பது தாலிக்கொடி தொங்குகிற இடம். அதற்கும் முன்னால், சின்ன வயதில், தினமும் தேய்த்துக் கழுவச் சொல்லப்பட்ட இடம். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் இருந்த உறவு.

பார்க்க நேர்ந்ததற்குக் காரணம் அழகுணர்ச்சி எதுவும் இல்லை. பணம். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. நான் வேலை பார்த்த கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் ஏப்ரலில் பாதிச் சம்பளம் போட்டார்கள். ஜூனில் அதுவும் வரவில்லை. ஆனால் வகுப்பு மட்டும் இணையவழியில் தினமும் நடந்தது. முனைவர் பட்டம், இரண்டு கவிதைத் தொகுப்பு, பதினைந்து ஆண்டு அனுபவம் எல்லாம் இருந்தும் பால்காரருக்கு அடுத்த மாதம் தருகிறேன் என்று சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டில் ஐந்து கிலோ களிமண் இருந்தது. இரண்டு ஆண்டுக்கு முன் தோழி ஒருத்தியோடு சேர்ந்து ஒரு விடுமுறையில் சுடுமண் நகை செய்யக் கற்றிருந்தேன். அப்போது மானாமதுரைக்குப் போய் வாங்கிவந்த மண். கட்டிலுக்கடியில் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கிடந்தது. காய்ந்து கல்லாகியிருந்ததை உடைத்துத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, மறுபடி சப்பாத்தி மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்தேன்.

மண் நகை செய்வது பார்க்க விளையாட்டுப் போலத் தெரியும். ஒரு ஜிமிக்கிக்கு மண்ணைக் கிண்ணம் போல் குவித்து, விளிம்பில் சின்னச் சின்ன உருண்டை ஒட்டி, பல் குத்தும் குச்சியால் கோலம் கீறி, கொக்கி மாட்டுவதற்கான ஓட்டையை ஈரத்திலேயே போட்டுவிட வேண்டும். காய்ந்தபின் ஓட்டை போட்டால் இரண்டாகப் பிளக்கும். நிழலில் நான்கைந்து நாள் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் கீறல் விடும். உள்ளே துளி ஈரம் இருந்தால் சூட்டில் வெடிக்கும். என் முதல் ஈடு மொட்டைமாடியில் உமியும் வறட்டியும் போட்ட பானைக்குள் பொரி பொரிவது போல வெடித்தது. இருபத்திரண்டு ஜோடியில் தேறியது ஒன்பது. அடுத்த ஈட்டில் இன்னொன்று கற்றேன். காற்று நன்றாகப் போனால் மண் சிவக்கிறது. காற்றை அடைத்துப் புகையில் வேகவிட்டால் கறுக்கிறது. மண் ஒன்றுதான், தீயும் ஒன்றுதான்.

செய்தாயிற்று. விற்க வேண்டுமே. வெள்ளைச் சார்ட் பேப்பரில் வைத்துப் படமெடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கைபேசியில் அனுப்பினேன். எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள். “காதுல போட்டா எவ்வளவு தொங்கும்?” “ஆரம் எதுவரைக்கும் வரும்?” ஸ்கேலை பக்கத்தில் வைத்து எடுத்தும் புரியவில்லை. நகையின் அளவு சென்டிமீட்டரில் இல்லை, உடம்பில் இருக்கிறது. யாராவது போட்டுக் காட்ட வேண்டும்.

அப்போது ஒன்பதாம் வகுப்புப் படித்த மகளைக் கேட்டேன். “ஐயோ, நான் மாட்டேம்மா” என்று அறைக்குள் போய்விட்டாள். நாத்தனார், “எனக்கெதுக்கு இந்த வேலையெல்லாம்” என்றாள். மிச்சம் இருந்தது நான்தான். அப்படித்தான் நான் மாடல் ஆனேன்.

வீட்டில் எதிர்ப்பு என்று பெரிதாக இல்லை. கணவர் யோசித்துவிட்டு, “எடு. ஆனா மூஞ்சி வேண்டாம்” என்றார். அத்தையும் அதையே சொன்னார். “மூஞ்சி தெரியாம இருந்தாச் சரிதான். நாளைப்பின்ன காலேஜ்ல யாராச்சும் பாத்தா என்ன நினைப்பாக?” எனக்கும் நிம்மதியாகவே இருந்தது. உதட்டுக்குக் கீழே தொடங்கி மார்புக்கு மேலே முடிகிற படம். அதில் இருப்பது யார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பெண்ணின் மானம் முகத்தில் மட்டும்தான் இருக்கிறது, கழுத்தும் நெஞ்சுக்குழியும் யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு நிலம் என்று நாங்கள் மூவரும் சேர்ந்து முடிவு செய்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

மகள் போட்டுக் காட்ட மறுத்தாளே தவிர, படம் எடுக்க ஒப்புக்கொண்டாள். என்னைவிட அவளுக்குக் கைபேசி நன்றாகத் தெரியும். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கச் சொல்வாள். முகவாயை இடப்பக்கம் திருப்பச் சொல்வாள். நேராக நின்றால் தோடு மட்டும் தெரியும், முக்கால்வாசி திரும்பினால்தான் ஜிமிக்கியின் வயிறு தெரியும் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். எடுத்த படங்களை அவளே சரிசெய்து எனக்கு அனுப்புவாள். நான் விலை எழுதி மற்றவர்களுக்கு அனுப்புவேன். மாதம் நாலாயிரம், ஐந்தாயிரம் வந்தது. பால்காரர் கணக்கு நேரானது.

மூன்றாவது மாதம் ஒரு பார்சல் திரும்பி வந்தது. திருச்சியில் ஓர் அம்மா வாங்கிய ஆரம். “படத்துல இளம் ஆரஞ்சா இருந்துச்சுங்க. வந்தது செங்கல் கலரா இருக்கு” என்றார். கோபப்படவில்லை, ஏமாந்தவர் குரலில் சொன்னார். அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. கூரியர் செலவு இரண்டு பக்கமும் என் தலையில். ஆரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கைபேசிப் படத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அவர்கள் சொன்னது சரிதான். படத்தில் இருந்தது என் மண் இல்லை.

பிறகு பார்த்தேன். அது என் கழுத்தும் இல்லை.

சந்தனம் பூசியது போல் மழமழவென்று ஒரு கழுத்து. கோடு இல்லை, மடிப்பு இல்லை, தாலிக்கொடி உரசிய தடம் இல்லை. என் நிறத்திலிருந்து மூன்று படி மேலே ஏற்றப்பட்டிருந்தது. மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.

“கழுத்துல கோடு கோடாக் கறுப்பா இருந்துச்சும்மா. அதை மட்டும்தான் அழிச்சேன். அழிச்சா அந்த இடம் மட்டும் திட்டாத் தெரிஞ்சுது. அதனால மொத்தமாக் கொஞ்சம் வெளுப்பாக்கினேன்.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீ கஷ்டப்படுவ.”

நான் கஷ்டப்பட்டேன்தான், ஆனால் அவள் நினைத்த காரணத்துக்காக இல்லை. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு, அம்மாவின் கழுத்தில் எதை அழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமல் தெரிந்திருந்தது. அது எப்படித் தெரிந்தது என்று யோசித்தபோது அவளுடைய சட்டையைப் பார்த்தேன். கழுத்துப் பட்டை வைத்த சட்டை. வீட்டிலும், சித்திரை வெயிலிலும், மேல் பொத்தான் வரை போட்டிருந்தாள். அவளுக்கும் என் கழுத்துதான்.

எனக்கு இந்தக் கறுப்பு பதினொரு பன்னிரண்டு வயதில் வந்தது. முகத்தைவிடக் கழுத்து இருண்டு, பின்கழுத்தில் வெல்வெட் துணி போலத் தடித்து, முன்னால் மூன்று வரிகளாக ஓடியது. அம்மா அதை அழுக்கு என்றே நம்பினாள். பீர்க்கங்கூட்டு நாரால் தேய்த்தாள். கடலைமாவு, தயிர், எலுமிச்சைத் தோல், கல்லுப்பு எல்லாம் பார்த்தாயிற்று. தோல் உரிந்து எரியுமே தவிர நிறம் போகாது. “ஒழுங்காக் குளிச்சாத்தானே?” என்று ஒரு சித்தி கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்டாள். அதற்குப் பிறகு நானாகவே தேய்க்க ஆரம்பித்தேன். இருபத்தைந்து வருடம் தேய்த்திருக்கிறேன்.

முப்பத்தாறாவது வயதில் வேறு எதற்கோ போன இடத்தில் ஒரு பெண் மருத்துவர் என் கழுத்தைப் பார்த்துவிட்டுச் சர்க்கரைப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். அதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர் சொன்னார். உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது இரத்தத்தில் இன்சுலின் கூடிப்போகும். அது தோலின் மேலடுக்கை வேகமாக வளரச் செய்யும். கழுத்து, அக்குள் போன்ற மடிப்புகளில் தோல் தடித்துக் கறுப்பது அதனால்தான். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களிடமும் நிறையப் பார்க்கலாம். “இது அழுக்கில்லம்மா. தேய்ச்சா இன்னும் தடிக்கும். நடங்க, சாப்பாட்டைப் பாருங்க” என்றார். உடம்பு அத்தனை வருடமாக உள்ளே இருப்பதைக் கழுத்தில் எழுதிக்காட்டிக் கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து அந்த எழுத்தை அழித்துக்கொண்டிருந்தோம்.

இதை நான் மகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஐந்து வருடம் சொல்லவில்லை. அவளுக்கு வந்தபோது பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன். வெட்கம் அறிவைவிட வயதில் மூத்தது.

அந்த வாரம் இணைய வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தது காமத்துப்பாலில் பசப்புறுபருவரல். அறுபது மாணவிகள், அறுபது இருட்டுக் கட்டங்கள். யாரும் கேமராவைத் திறப்பதில்லை. பிரிவில் தலைவியின் மேனி வெளிறிப்போவதுதான் பசலை என்று பதினைந்து வருடமாகச் சொல்கிற அதே விளக்கத்தைச் சொன்னேன். அவள் இழப்பது மாமை என்று சொன்னேன். மாமையை மாந்தளிர் நிறம் என்பார்கள், கருமை என்பாரும் உண்டு. குறுந்தொகையின் 27ஆம் பாடலில் வெள்ளிவீதியார் என்ற பெண் கவிஞர் தன் மாமை அழகு தனக்கும் ஆகாமல் தன்னவனுக்கும் ஆகாமல் பசலைக்கு இரையாவதைச் சொல்லி வருந்துகிறார். சொல்லிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

அந்தப் பாடல்களில் வெளிறுவதுதான் நோய். கருமை இருக்கும்வரை அவள் நலமாக இருக்கிறாள். நிறம் ஏறினால் தோழி பதறுகிறாள், தாய் சந்தேகப்படுகிறாள். என் கைபேசியில் ஒரு பொத்தானைத் தட்டினால் வருவது அந்தப் பசலைதான். அதற்கு அழகு என்று பெயர் போட்டிருக்கிறார்கள். அதே 2020இல்தான், 1975இலிருந்து இந்தியாவில் விற்றுவந்த ஃபேர் அண்ட் லவ்லி களிம்பு தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்து, க்ளோ அண்ட் லவ்லி ஆனது. களிம்பிலிருந்து சொல் போய்விட்டது. கைபேசிக் கேமராவுக்குள் வேலை போய்ச் சேர்ந்துவிட்டது.

“இந்தப் பாட்டுல வர்ற பொண்ணு கறுப்பா மேடம்?” என்று ஓர் இருட்டுக் கட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. “ஆமா” என்றேன். உரை வேறுபாடுகளையெல்லாம் அன்றைக்குச் சொல்லவில்லை.

மறுநாள் மகளிடம் வியாபாரம் பேசினேன். அதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது. “மண்ணு கலர் மாறினா பார்சல் திரும்பி வருது. மண்ணு கலர் சரியா வரணும்னா என் கலரும் சரியா வரணும். ரெண்டுல ஒண்ணை மட்டும் மாத்த முடியாது.” அவள் யோசித்தாள். தொழில்நுட்பச் சிக்கலாக எடுத்துக்கொண்டாள். கேமராவில் முகத்தைத் தானாகவே பளபளப்பாக்குகிற வசதியைத் தேடி அணைத்தாள். காலை எட்டு மணிக்கு மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டியின் நிழலில் என்னை நிறுத்தினாள். வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தால் மண்ணில் கீறிய கோலம் தெரியாது, தட்டையாகிவிடும். பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு சின்ன நிழல் கிடைக்கும், செய்த கை தெரியும். ஆனால் அந்த வெளிச்சம் கழுத்து வரிகளுக்கும் நிழல் கொடுக்கும். என் வேலையைக் காட்டுகிற வெளிச்சம்தான் என் கழுத்தையும் காட்டியது.

முதல் படத்தைப் பார்த்தபோது பழைய பழக்கத்தில் கை தானாகக் கழுத்துக்குப் போனது. பிறகு ஆரத்தைப் பார்த்தேன். செங்கல் சிவப்பு அந்தக் கறுப்பின் மேல் உட்கார்ந்திருந்த அழகு வெள்ளைத்தாளில் ஒருநாளும் வந்ததில்லை. மண்ணைப் பொறுத்தவரை அது மண்ணுக்குப் பக்கத்தில் மண்.

ஆர்டர் கூடிவிட்டது என்று எழுத ஆசைதான். கூடவில்லை. குறையவும் இல்லை. திரும்பி வருவது நின்றது. ஒருவர், ஏதோ ஒரு ஆயுர்வேத எண்ணெய் சொன்னார். இன்னொருவர், “வேற மாடல் வச்சா நல்லா மூவ் ஆகும்” என்றார். ஒரு பெண் மட்டும், “இது உங்க கழுத்தா? நிஜமாவா?” என்று கேட்டுவிட்டு, மூன்று நாள் கழித்து ஒரு சோக்கர் வாங்கினார். வேறு எதுவும் பேசவில்லை.

‘வேற மாடல்’ என்ற சொல் மனதில் நின்றது. மாடலுக்கு என்ன கூலி? என் கணக்கு நோட்டைப் புரட்டினேன். மண், கொக்கி, வளையம், நூல், வண்ணம், டப்பா, கூரியர் எல்லாம் இருந்தது. செய்தவள் கூலி இல்லை. போட்டுக் காட்டியவள் கூலி இல்லை. படம் எடுத்தவள் கூலி இல்லை. சம்பளம் தராமல் வகுப்பெடுக்கச் சொன்னார்கள் என்று கல்லூரியைத் திட்டிக்கொண்டே நானும் வீட்டில் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கு நோட்டில் மூன்று கட்டம் புதிதாகப் போட்டேன். 180 ரூபாய் ஜிமிக்கி 240 ஆனது. மகளுக்குப் படத்துக்குப் பத்து ரூபாய். அவள் அதை நம்பாமல் இரண்டு தடவை எண்ணிப்பார்த்தாள்.

அந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருந்ததை, மண் தீர்ந்து மானாமதுரைக்குப் போனபோது தெரிந்துகொண்டேன். மண் தருகிற அம்மா என் ஜிமிக்கியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலை கேட்டார். சொன்னேன். இதற்கு இருபது கிராம் மண்கூடப் போயிருக்காது என்று அவருக்குத் தெரியும். “ஏம்மா, நாங்க மண்ணு மிதிச்சாக் குயவன் பொண்டாட்டி. நீங்க மிதிச்சா டிசைனரு” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சக்கரத்தில் உட்காருவது பெரும்பாலும் ஆண்கள். மண் சலிப்பதும் மிதிப்பதும் தட்டுவதும் அடுக்குவதும் பெண்கள். அவர்களுடைய கையும் கழுத்தும் எந்தப் படத்திலும் இல்லை. அந்த முறை மண்ணுக்கு அவர் கேட்டதைவிடக் கூடுதலாகக் கொடுத்தேன். அதனால் ஒன்றும் நேராகிவிடவில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

திரும்பி வரும் பேருந்தில் வெண்ணிக் குயத்தியாரை நினைத்துக்கொண்டேன். புறநானூற்றின் 66ஆம் பாடல் அவருடையது. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனிடமே, தோற்றுப் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்டவர். ஊர் வெண்ணி, குலம் குயவர். அவ்வளவுதான் நமக்கு மிஞ்சியது. சொந்தப் பெயர் இல்லை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை, மாதவி பூண்ட அணிகளைக் காலில் தொடங்கித் தலைவரை ஒன்றுவிடாமல் பட்டியல் போடுகிறது. பூண்டவள் பெயர் இருக்கிறது, செய்த கை இல்லை. நான் செய்தவளாகவும் பூண்டவளாகவும் ஒரே ஆளாக இருந்தும் முகத்தை வெட்டிவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

2021இல் கல்லூரி மறுபடி திறந்தபோது, துறையில் மூத்தவர் ஒருவர், “கழுத்தைக் காட்டி யாவாரம் பண்றீங்களாமே மேடம்” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகமில்லாமல் போட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது. மறைத்ததில் பயன் ஒன்றும் இல்லை. முகம் இருந்திருந்தால் அவர், “நகை செய்றீங்களாமே” என்று கேட்டிருப்பாரா என்று தெரியாது. ஆனால் முகம் இல்லாத கழுத்து யாருடையதாக வேண்டுமானாலும் ஆகிவிடுகிறது, யார் வேண்டுமானாலும் அதைப் பற்றிப் பேசலாம் என்று ஆகிவிடுகிறது. “ஆமா சார். செய்றதும் நான்தான், போட்டுக்காட்டுறதும் நான்தான். உங்க வீட்டுக்கு வேணும்னா சொல்லுங்க, ஜிமிக்கி 240 ரூபாய்” என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளிடம், “இன்னைக்கு மூஞ்சியும் சேர்த்து எடு” என்றேன். கணவர் செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அத்தை, “அப்படின்னா அந்தப் பொட்டைக் கொஞ்சம் பெருசா வையி” என்றார்.

சம்பளம் ஒழுங்காக வரத் தொடங்கிவிட்டது. நான் வார இறுதிகளில் இன்னும் செய்கிறேன். மருத்துவர் சொன்னதை மகளுக்கு ஒருவழியாகச் சொல்லி, அவளையும் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். இருவரும் மாலையில் நடக்கிறோம். அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் கல்லூரி விழாவுக்கு என் கறுப்பு ஆரம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள், பட்டை வைத்த குர்தாவுக்கு மேலே போட்டுக்கொண்டு. அன்றைக்கு எடுத்த படத்தில் அவள் தன் நிறத்தைவிட வெளுப்பாக இருந்தாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

“இது என் படம்மா” என்றாள்.

அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நானும் இருபத்தைந்து வருடம் தேய்த்தவள்தான். என் படங்களில் அவள் எதையும் அழிப்பதில்லை. படத்துக்குப் பத்து ரூபாய் இப்போது இருபத்தைந்து ஆகியிருக்கிறது. அவளாகக் கேட்டு ஏற்றிக்கொண்டாள். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குப் புது சோக்கர் எடுக்க வேண்டும். அது சரியாக முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில் உட்காரும்படி அளவெடுத்துச் செய்தது.